லுதர் சந்த் அடித்த பதினோரு பறவைகள்

லுதர் சந்துக்குக் காது போனதை முதலில் கண்டுபிடித்தவன் நான். அதை வெளியே போட்டு உடைத்தவனும் நான்தான். கண்டுபிடித்ததை இரண்டு வசந்தம் மறைத்து வைத்தேன். போட்டு உடைத்தது வாய் தவறி ஒரே நொடியில் நடந்துவிட்டது.

என் பெயர் டீக்கம் ராம். தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் பறவை பார்க்க வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது என் வேலை. பதினான்கு வருடம் லுதர் அண்ணனோடுதான் காட்டுக்குள் போனேன். அவர் முன்னால் நடப்பார், விருந்தாளிகள் நடுவில், அடுப்பும் பருப்பும் அரிசியும் முதுகில் கட்டிக்கொண்டு நான் கடைசியில். வருடக்கணக்கில் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் என்பதால்தான் எனக்கு முதலில் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

அண்ணனின் அப்பா மோனால் கோழிக்குக் கண்ணி வைக்கிறவர். அந்தக் காலத்தில் மோனால் கொண்டைக்குக் கிராக்கி, எல்லோரும் தொப்பியில் செருகிக்கொள்வார்கள். ஆறு வயதில் அண்ணன் புதருக்குள் உட்கார்ந்து பெட்டைக்கோழி மாதிரிக் குரல் கொடுப்பாராம், சேவல் நேராகக் கண்ணிக்கு வருமாம். விருந்தாளிகளிடம் இதைச் சொல்ல மாட்டார். அடுப்படியில் என்னிடம் மட்டும் சொல்வார்.

பிறகு எங்கள் காட்டைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். ஆடு மேய்க்கக் கூடாது, கண்ணி வைக்கக் கூடாது. அண்ணன் கூலியாளாகப் போனார். காட்டுக்கோழிகளைக் கணக்கெடுக்க ஆராய்ச்சிக்காரர்கள் வந்தபோது அவர்களுடைய மூட்டையைச் சுமந்தார். ஒருநாள் விடியற்காலையில் அவர்கள் ஐந்து ஜுஜுராணாக் கோழி கூவுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அண்ணன், "ஏழு சார். எதிர்ப்பக்கச் சரிவுல ரெண்டு பதில் சொல்லுது" என்றாராம். அவர்கள் சிரித்தார்கள். மறுநாள் எதிர்ச்சரிவுக்குப் போய்க் கேட்டார்கள், பிறகு சிரிக்கவில்லை. அன்றோடு அவர் மூட்டை தூக்குவது நின்றது.

அவருக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். இலைகளுக்குள் ஒளிந்து திரிகிற பச்சைக் குருவிகள் இருக்கின்றனவே, கட்டைவிரல் அளவு, எல்லாம் ஒரே அச்சு, படித்தவர்களே திணறுவார்கள். அண்ணன் குரலை வைத்துப் பெயர் சூட்டியிருந்தார். ஒரே ஒரு சுரம் மட்டும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது கஞ்சன். விடாமல் குறை சொல்வது போலக் கத்துவது நாத்தனார். வசந்தத்தில் எல்லோருக்கும் கடைசியாக வந்து முதலில் கிளம்பிவிடுவது தாசில்தார். விருந்தாளிகள் புத்தகத்தைப் புரட்டி வாயில் நுழையாத பெயரை எழுதுவார்கள். அண்ணன் படத்தை எட்டிப் பார்த்து, "ஆமா, நாத்தனார்தான்" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது. தான் கேட்காததை, பார்க்காததை யாருடைய நோட்டிலும் எழுத விடமாட்டார். பணக்கார விருந்தாளி எவராவது, "பார்த்தேன், எழுதிக்கிறேன்" என்று அவசரப்பட்டால், "நான் கேக்கலையே சார்" என்பார். அவ்வளவுதான். பேனா நின்றுவிடும்.

இந்தக் காதைத்தான் அவர் சுரங்கத்தில் கொண்டுபோய்த் தொலைத்தார்.

அவருடைய மகள் உர்மிலா நர்ஸ் படிப்புக்கு மண்டிக்குப் போனாள். பறவை பார்க்க வருகிறவர்கள் வசந்தத்தில் இரண்டு மாதம், இலையுதிர் காலத்தில் ஒன்றரை மாதம். அதை நம்பிப் படிக்க வைக்க முடியாது. அடுத்த பள்ளத்தாக்கில் மின்சாரத்துக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். பனிக்காலத்தில் அண்ணன் அங்கே துளை போடும் வேலைக்குப் போனார். மூன்று பனிக்காலம். காதில் செருகிக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். அண்ணன் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேலே பாறை விரிசல் விடும்போது முதலில் மெலிதாக ஒரு சத்தம் வருமாம், அது தனக்குக் கேட்க வேண்டும் என்றார். அப்படிக் கேட்டு ஒரு தடவை இரண்டு பேரை இழுத்துக் காப்பாற்றியும் இருக்கிறார். மற்ற நேரமெல்லாம் இயந்திரமும் வெடியும்தான் கேட்டது.

இரண்டாவது பனிக்காலம் முடிந்து வந்த வசந்தத்தில், பாலம் தாண்டிய முதல் தேவதாருக் கூட்டத்தில், ஒரு விருந்தாளி, "அதோ, தங்கக்கொண்டைக் குருவி கூப்பிடுது" என்றார். ஊசி முனை போல மெல்லிய குரல் அதற்கு. எனக்கே கேட்டது. அண்ணன் தலையாட்டினார். ஆனால் கொஞ்சம் தாமதமாக ஆட்டினார். அந்த ஆள் சொன்ன பிறகு, அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டினார். அதுவரை பதின்மூன்று வருடத்தில் விருந்தாளி சொல்லி அண்ணன் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

மெல்லிய குரல்கள்தான் முதலில் போயின. மரமேறி, பட்டாணிக்குருவி, கஞ்சன், தாசில்தார். பிறகு நடுத்தரக் குரல்கள். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வசந்தத்தின் நடுவிலேயே நான் கடைசியில் நடப்பதை விட்டுவிட்டு அவர் முதுகை ஒட்டி நடக்க ஆரம்பித்தேன். ஏதாவது கூவினால் ஊன்றுகோலால் அவர் முதுகுக் கூடையைத் தட்டுவேன். இடது பக்கம் என்றால் இடது ஓரத்தில், வலது என்றால் வலது ஓரத்தில். முதல் தடவை தட்டியபோது திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தாங்க முடியாமல் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். பிறகு அவர் திரும்பவில்லை. தட்டிய பக்கம் பார்த்து இரண்டு விரலைத் தூக்கினார், எல்லோரும் மூச்சை அடக்கி நின்றார்கள். கண் நன்றாக இருந்ததால் எப்படியோ பறவையைப் பிடித்துவிடுவார். பிடிக்க முடியாதபோது விருந்தாளியின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். மூன்றாவது பனிக்காலத்துக்குப் போய்வந்த பிறகும் இப்படித்தான் ஓடியது, மொத்தம் இரண்டு வசந்தம்.

நிஹார் பாபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்காளத்தில் பர்தமான் ஊர்க்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு ஒவ்வொரு மே மாதமும் எங்களிடம் வருவார். ஏழு வசந்தம் வந்தார். அவர் வருவது ஜுஜுராணாவைப் பார்க்க. எல்லாப் பறவையிடமும் ஒரு இறகு வாங்கிக் கடவுள் செய்த பறவை அது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சிவந்த கழுத்தும், கறுத்த உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியுமாக இருக்கும். தொலைவில் கூவுவதை அவர் பல தடவை கேட்டிருக்கிறார். கண்ணில் மட்டும் படவில்லை. சாயங்காலம் கூடாரத்தில் அன்றைய பட்டியலை வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போல உரக்க வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் அண்ணன் தலையாட்ட வேண்டும். ஆட்டினால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார்.

ஏழாவது வசந்தத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. இதுதான் கடைசி ஏற்றம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அதை எங்களிடம் வெட்கத்தோடு சொன்னார்.

காட்டுக்குள் தீலாவில் கூடாரம் போட்டோம். மூன்றாம் நாள் விடியலில் அண்ணனும் பாபுவும் மட்டும் கிளம்பினார்கள். பாபுவுக்குச் சர்க்கரை, திரும்பி வந்ததும் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும் என்பதால் நான் தங்கிவிட்டேன். போயிருக்க வேண்டும். கஞ்சியை முந்தின சாயங்காலமே வைத்திருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்துக்கொள்கிறேன்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்காகக் கீழே ஓடைக்கு இறங்கினேன். மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம், தாயைத் தொலைத்த ஆட்டுக்குட்டி அழுவது போலக் குரல். விழுந்து கிடந்த ஓக் மரத்தின் மேல் ஜுஜுராணாச் சேவல் நின்றது. இருபது அடி இருக்கும். குக்கர் இரண்டு விசில் விடுகிற நேரம் அப்படியே நின்று கூவியது. நான் குடத்தைப் பிடித்தபடி நின்றேன். பாபு எங்கேயோ பக்கத்தில் மறைந்து உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. லுதர் சந்த் கூட இருக்கும்போது வேறு எங்கே போயிருப்பார்? கூடையைத் தட்டுகிறவன் நான்தான் என்பதே அந்த நிமிஷத்தில் எனக்கு மறந்துபோனது.

ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் மேலே முகட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். நனைந்திருந்தார்கள். பாபுவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் சந்தோஷத்தில் கரண்டியோடு ஓடினேன்.

"பாபு, நல்லாப் பாத்தீங்களா? ஓடைப் பக்கம், விழுந்த மரத்து மேலயே நின்னு அப்படிக் கூவிச்சே!"

பாபு மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க?" என்றார்.

நான் கரண்டியைக் கீழே இறக்கினேன்.

"எங்கடா கூவிச்சு, டீக்கம்?"

"கீழ, அண்ணே."

அவர் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மழை வலுத்தது. மூன்று பேரும் சமையல் கூடாரத்துக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். பாபுவுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். காலையில் நடந்தது அப்போதுதான் தெரிந்தது. பாதை பிரிகிற இடத்தில் பறவை கூவியிருக்கிறது. பாபு எந்தப் பக்கம் என்று அண்ணன் முகத்தைப் பார்த்திருக்கிறார். அண்ணன், எந்தப் பக்கம் என்று பாபு முகத்தைப் பார்த்திருக்கிறார். கடைசியில் அண்ணன் மேலே கை காட்டினார். போன வருடம் வரைக்கும் அந்தக் கனத்த குரலாவது அவருக்குக் கேட்டது. மூன்றாவது பனிக்காலம் அதையும் கொண்டுபோய்விட்டது.

"எவ்வளவு நாளா?" என்று பாபு கேட்டார். அண்ணனுக்கு விளங்கவில்லை. பாபு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராக நகர்ந்து, மறுபடி கேட்டார்.

அண்ணன் சொன்னார். சுரங்கம், அடைப்பான், தங்கக்கொண்டைக் குருவி, நான் தட்டியது எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டுப் பாபு, "கீழதான்னு எனக்கும் பட்டுது லுதர். ஆனா நீங்க மேல காட்டினீங்க. எனக்கு வயசாச்சு, என் காதுதான் ஏமாத்துதுன்னு நெனச்சேன்" என்றார்.

"உங்க காது ஏமாத்தல பாபு. நான்தான் ஏமாத்தினேன்."

"விடுங்க."

"விட முடியாது. நோட்டைக் குடுங்க. போன வருஷத்து நோட்டும் வேணும்."

பாபு எதற்கு என்று கேட்டார். அண்ணன் கையை நீட்டியபடியே இருந்தார். பாபு பையிலிருந்து இரண்டு நோட்டையும் எடுத்துக் கொடுத்தார், பேனாவையும் கொடுத்தார். அண்ணனுக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. அதனால் பாபு ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசிக்க வேண்டியிருந்தது, அதுவும் உரக்க, மழைச் சத்தத்துக்கு மேல். அண்ணன் கண்ணை மூடி யோசிப்பார். எந்த இடம், எந்த மரம், வெயிலா மூட்டமா எல்லாம் அவருக்கு நினைவிருந்தது.

"இது நான் கண்ணால பாத்தது. இருக்கட்டும்." "இது முதுகு தெரிஞ்சுது. இருக்கட்டும்." பிறகு ஒன்றில் நிறுத்தினார். "இது பாலத்துக்கிட்ட. நீங்க சிரிச்சீங்க, அதைப் பாத்து நான் தலையாட்டினேன்." குறுக்கே ஒரு கோடு போட்டார்.

நாலைந்து பெயர் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "நாத்தனார்னு நீ வலது பக்கம் தட்டினியே, மேல் ஓடையில. நெசமா நாத்தனாரா அது?"

"ஏதோ ஒண்ணு கத்திச்சு அண்ணே. எதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

அதுவும் போயிற்று. நான் அவருக்கு உதவுகிறேன் என்று இரண்டு வசந்தமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடு விழும்போது அது என் மேல் விழுந்த மாதிரி இருந்தது.

முதலில் பாபு தடுக்கப் பார்த்தார். இது என்ன பரீட்சைத் தாளா, போகட்டும் என்றார். அண்ணன் கேட்கவில்லை. பிறகு பாபுவும் தடுப்பதை விட்டுவிட்டு, வகுப்பில் உட்கார்ந்திருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பெயரையும் நிதானமாக வாசித்தார். மொத்தம் பதினோரு பறவை. கடைசியில் அன்றைய பக்கம் வந்தது. ஜுஜுராணா என்று மட்டும் எழுதி, பக்கத்தில் புள்ளி வைக்காமல் விட்டிருந்தார்.

"நீங்க கேட்டீங்கல்ல?" என்றார் அண்ணன்.

"கேட்டேன்."

"டீக்கம், நீ பாத்தே இல்ல?"

"பாத்தேன் அண்ணே."

"அப்ப அது இருக்கட்டும்." பேனாவை மூடிக் கொடுத்தார். பாபு அந்தப் புள்ளியை வைக்கவில்லை. நோட்டை அப்படியே பைக்குள் வைத்தார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் மூட்டம் விலகவில்லை. விழுந்த மரத்துக்கு எதிரே பாபுவைக் கம்பளியில் சுற்றி உட்கார வைத்தோம். பறவை வரவில்லை. அண்ணன் அந்த இரண்டு நாளும் பாபுவின் பக்கத்தில் உட்காராமல் பத்தடி தள்ளி நின்றார். ஆறாம் நாள் இறங்கினோம். பஸ் ஏறும்போது பாபு அண்ணனின் கையைப் பிடித்து, "அடுத்த வருஷம் வரேன். டீக்கமோட காது, உங்க கண்ணு. போதும்" என்றார். பஸ் இரைச்சலில் அது அண்ணன் காதில் விழவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் தலையாட்டினார்.

அந்த வாரமே அண்ணன் குஷேணிக்குப் போய் வழிகாட்டிகள் சங்கத்தில் தன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். காரணத்தையும் அவரே சொன்னார். வேண்டாம் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், சின்னப் பையன்கள் போனில் பறவைக் குரலைப் போட்டுக் காட்டிப் பிழைக்கிறான்களே என்றார்கள். அவர் ஆப்பிள் பெட்டி கட்டும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார்.

தசராவுக்கு உர்மிலா வந்தாள். அப்போது அவள் குல்லுவில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதல் சம்பளத்தில் அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கி வந்தாள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். சித்து என்கிற கோதுமைக் கொழுக்கட்டையை அவித்து நெய் ஊற்றி வைத்திருந்தார்கள். மெஷினை மாட்டியதும் அண்ணன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தீர்த்தன் ஆறு அப்படியே அவர் தலைக்குள் புகுந்துவிட்டது. பாத்திரச் சத்தம், நாய், ஆறு, அடுப்பு எல்லாம் ஒன்றாக. வெளியே வாதுமை மரத்தில் குருவி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அண்ணன் அந்த மரத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெஷினைக் கழற்றி, வந்த பெட்டியிலேயே வைத்து மூடினார்.

உர்மிலாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சுரங்கத்தில் காது போனது என்று அப்போதுதான் அம்மா அவளிடம் சொல்லியிருந்தாள். தட்டைத் தள்ளிவிட்டு, "யாரு கேட்டா உன்னை? நான் கேட்டேனா, காதை வித்துப் படிக்க வைன்னு?" என்றாள்.

அண்ணன், தன் மனைவி பூர்ணி பக்கம் திரும்பி, "என்ன சொல்றா?" என்றார்.

பூர்ணி அண்ணி மகளைப் பார்த்தாள். பிறகு கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டி, "சாப்பிடச் சொல்றா" என்றாள்.

"சாப்பிடறேன், சாப்பிடறேன்" என்று அவர் தட்டை எடுத்துக்கொண்டார்.

பாபு அடுத்த மே மாதம் வரவில்லை. ஜூன் பிறந்த பிறகு, பஞ்சார் கடைவீதியில் நானும் அண்ணனும் உப்பு வாங்கிக்கொண்டிருந்தபோது பாபுவின் எண்ணிலிருந்து எனக்குப் போன் வந்தது. பேசியது அவர் மருமகள். மாமனார் ஜனவரியிலேயே போய்விட்டார், அவர் போனில் இருந்த பெயர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றாள். என் முகத்தைப் பார்த்து அண்ணன் யார் என்று கேட்டார். பாபு என்றேன். வருகிறாரா என்று கேட்டார். இல்லை, போய்விட்டார் என்றேன். எப்போது போகிறார், எங்கே போகிறார் என்று கேட்டார். காதருகில் வாயை வைத்துச் சொன்னேன். புரியவில்லை. சந்தையில் லாரிகள் வேறு. கடைசியில் நான் கத்தினேன்.

"செத்துட்டாரு அண்ணே! பாபு செத்துட்டாரு!"

கடைவீதியே திரும்பிப் பார்த்தது. அண்ணன் உப்புப் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "பாக்காமலே போயிட்டாரு" என்றார். காது கேட்காதவர்கள் பேசுவது போல உரக்கத்தான் சொன்னார். அதையும் எல்லோரும் கேட்டார்கள்.

இப்போது அவர் காட்டுக்கே போவதில்லை. விறகுக்குக்கூடப் பூர்ணி அண்ணிதான் போகிறாள். திருவிழாவுக்கு வருவதை நிறுத்திவிட்டார், சத்தமாகப் பேசுகிறார் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒருநாள் காட்டுக்குப் போய் வரலாமா என்று நான் கூப்பிட்டேன். கைசாடையும் வாயசைவுமாகச் சொன்னதைப் புரிந்துகொண்டார்.

"ஒரு தடவ தனியாப் போய் நின்னேன்டா," என்றார். "இலை ஆடுது, குருவி வாயத் தொறக்குது, ஒண்ணும் வரல. எல்லாம் செத்துப்போன மாதிரி இருக்கு. வீட்டுல இருந்தா, அங்க கூவிக்கிட்டுத்தான் இருக்கும்னு நெனச்சுக்கலாம்."

நான் இன்னும் போகிறேன், வேறு வழிகாட்டிகளோடு. இறங்கி வந்ததும் ஆப்பிள் கொட்டகைக்குப் போய் அண்ணனிடம் என்ன என்ன வந்தது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். பாதியை நம்ப மாட்டார். அந்த உயரத்தில் அது மே மாதம் இருக்காது, போடா என்பார். இந்த வசந்தத்தில் தீலாவுக்கு மேலே எனக்குத் தெரியாத ஒரு குரலைக் கேட்டேன். என்ன என்று அவரிடம் கேட்டேன். கூவிக் காட்டு என்றார். உங்களுக்குத்தான் கேட்காதே என்று கையை விரித்தேன். கூவு என்றார் மறுபடி.

பெட்டிகளுக்கு நடுவில் நின்று சீழ்க்கை அடித்துக் காட்டினேன். அவர் ஆணியையும் சுத்தியலையும் கீழே வைத்துவிட்டு என் உதட்டையே கவனித்தார். இன்னொரு தடவை என்றார். அடித்தேன். என் கன்னம், தொண்டை எல்லாவற்றையும் பார்த்தார்.

"உதட்டை இவ்வளவு குவிச்சா அது குக்குறுவானாத்தான் இருக்கணும்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நான் கேக்கல. எழுதிக்காதே" என்று சொல்லி, சுத்தியலை எடுத்து அடுத்த பெட்டிக்கு ஆணி அடிக்க ஆரம்பித்தார்.